உரசும் டயர், இழுக்கும் ஒயர்

உச்சிப்புளியில் மெயின் ரோட்டை ஒட்டி எனக்குச் சைக்கிள் கடை. அப்பா காலத்தில் வாடகை சைக்கிள் விட்ட கடை, இப்போது ரிப்பேர் வேலை மட்டும். ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருப்பதால் மூன்று விதமான வண்டிகள் வரும். ஐஸ் பெட்டி கட்டிய மீன்காரர்களின் 28 இஞ்ச் வண்டி, பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிள், அப்புறம் தனுஷ்கோடி பார்க்க வெளியூரிலிருந்து மிதித்து வருபவர்களின் கியர் வண்டி. மூன்றிலும் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்றுதான்: "அண்ணே, எங்கயோ உரசுது."

டயருக்கும் அதைச் சுற்றியிருக்கிற ஃப்ரேம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க், மட்கார்டு, பிரேக் இவற்றுக்கும் நடுவில் இடம் போதவில்லை என்றால்தான் உரசும். பிரேக், கியர் ஒயர் தொல்லையும் கிட்டத்தட்ட இதே கதைதான். இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்து விடலாம். ஆனால் பலர் அவசரப்பட்டு டயரை மாற்றிவிடுகிறார்கள், இல்லையென்றால் மட்கார்டைக் கையால் நெளிக்கிறார்கள். சிலர் காற்றை இறக்கிவிடுகிறார்கள். காற்று குறைந்தால் டயர் கொஞ்சம் சுருங்கும், சத்தமும் நிற்கும். ஆனால் பாரத்தோடு ஒரு பள்ளத்தில் இறங்கினால் ரிம் தரையில் இடித்து டியூபில் ஜோடியாக இரண்டு ஓட்டை விழும். எங்கே உரசுகிறது, எப்போது உரசுகிறது என்று தெரியாமல் ஸ்பானரைக் கையில் எடுக்காதீர்கள்.

வண்டியைத் தலைகீழாக நிறுத்துங்கள். ஹேண்டில்பாருக்கும் சீட்டுக்கும் அடியில் சாக்கை மடித்துப் போட்டால் ஒயரும் நசுங்காது, சீட்டும் கிழியாது. சக்கரத்தை மெல்லச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். சுற்றுக்கு ஒரு தடவை "சரக்" என்று கேட்டால் ரிம் கோட்டம், அல்லது டயர் ஓரிடத்தில் பிதுங்கியிருக்கிறது. விடாமல் "ஸ்ஸ்" என்று கேட்டால் சக்கரம் முழுதாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அல்லது டயர் அந்த வண்டிக்கு மீறிய அகலம். சும்மா சுற்றும்போது ஒன்றுமில்லை, ஏறி அழுத்தி மிதித்தால் மட்டும் உரசுகிறது என்றால் அச்சு நட்டு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் கோன், அதாவது அச்சில் பேரிங் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூம்பு நட்டு, தளர்ந்து சக்கரம் ஆடும். சக்கரத்தின் மேல்முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் கோன் ஆட்டம் கையில் தெரியும்.

காதுக்கு எட்டவில்லை என்றால் சாக்பீஸ் போதும். சந்தேகப்படும் இடத்தில், அதாவது ஃப்ரேமின் உள்பக்கம், மட்கார்டின் ஓரம், பிரேக்கின் அடிப்பக்கம் எல்லாம் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். எங்கே வெள்ளை அழிந்திருக்கிறதோ அங்கேதான் உரசல்.

இப்போது மீன்காரர் வண்டி. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வரத்தும் குறையும். அந்த இரண்டு மாதத்தில்தான் மீன் விற்பவர்கள் ஓவராயில் பண்ண வண்டியை நிதானமாக விட்டுவிட்டுப் போவார்கள். போன வருடம் ஒரு பெரியவர் வந்தார். பின்னால் ஐஸ் பெட்டி வைத்து ஊர் ஊராகப் போகிறவர். "தம்பி, டயர் தேஞ்சு போச்சு, புதுசு போடு" என்றார். டயரில் தரையைத் தொடுகிற பட்டன் அப்படியே இருந்தது. இடது பக்கச் சுவர் மட்டும் வழவழவென்று, உள்ளே நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதற்கு நேராக ஃப்ரேமின் இடது கம்பியில், அதாவது பெடல் அச்சிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற கீழ்க்கம்பியில், பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது.

இடது பக்கம் உரசினால் நான் முதலில் பார்ப்பது வலது பக்க நட்டைத்தான். காரணம் இருக்கிறது. செயின் இருப்பது வலது பக்கம். பாரத்தோடு ஏறி மிதிக்கும்போது செயின் அச்சின் வலது முனையை முன்னால் இழுக்கும். அந்த நட்டு பிடிமானம் விட்டால் வலது முனை ஒரு நூல் அளவு முன்னால் நகரும், சக்கரத்தின் முன்பக்கம் இடது பக்கம் திரும்பி இடது கம்பியில் போய் இடிக்கும். பெரியவர் வண்டியில் நட்டைக் கழற்றிப் பார்த்தேன். வாஷருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் துரு, பொரிப்பொரியாக, பிஸ்கட் மாதிரி. ஐஸ் பெட்டியிலிருந்து ஒழுகுகிற உப்புத் தண்ணீர் நேராக அங்கேதான் இறங்குகிறது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் இருக்கிற துரு நொறுங்கி உதிர்ந்ததும் பிடி தளர்ந்துவிடும். வாஷரை மாற்றி, ஃப்ரேமில் அச்சு உட்காரும் காடியை இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டுச் சுத்தமாகத் தேய்த்து, மரையில் மட்டும் கிரீஸ் தடவி இறுக்கினேன். தேய்ந்த டயரையும் மாற்ற வேண்டித்தான் இருந்தது, நூல் தெரிந்தபின் அதை நம்பக்கூடாது. ஆனால் துருவை விட்டுவிட்டுப் புது டயர் மட்டும் போட்டிருந்தால் அடுத்த தடைக்காலத்துக்கு முன்னாலேயே அதுவும் தேய்ந்திருக்கும்.

பின்சக்கரத்தை நடுவில் உட்கார வைக்க நான் செய்கிற முறை இது. இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தைப் பின்னால் இழுத்து, முதலில் வலது நட்டைச் சுமாராக இறுக்க வேண்டும். செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் அரை இஞ்ச் ஆட்டம் இருக்கணும். அதற்கு மேல் இறுக்கம் வேண்டாம். அப்புறம் டயரின் முன்பக்கத்தைக் கையால் தள்ளி, இரண்டு கீழ்க்கம்பிகளுக்கும் நடுவில் சமமாக நிறுத்திவிட்டு இடது நட்டை இறுக்குங்கள். அதன்பின் இரண்டையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முழுசாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் ஒரேயடியாக இறுக்கினால் சக்கரம் திரும்பவும் சாயும். பல் வைத்த வாஷர் இருந்தால் பல் ஃப்ரேமைப் பார்த்திருக்கணும்.

சுற்றுக்கு ஒரு தடவை உரசுகிறது என்றால் ரிம்மைத் தொடுமுன் டயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிம்மின் விளிம்புக்கு மேலே டயரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடும். அந்தக் கோடு எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் கோடு உள்ளே போயிருந்தால், அங்கே டயர் அமுங்கி இன்னொரு இடத்தில் பிதுங்கியிருக்கும். காற்றை முழுக்க இறக்கி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கையால் சுற்றிலும் பிசைந்துவிட்டு மறுபடி காற்றடித்தால் "டப்" என்று உட்காரும். அதற்கும் உட்காராமல் கட்டி மாதிரி புடைத்தே இருந்தால் உள்ளே நூல் அறுந்த டயர். அதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

டயர் ஒழுங்காக இருந்தால் ரிம் கோட்டம். கோட்டம் பார்க்க ஸ்டாண்டு எல்லாம் வேண்டாம், ஒரு பனை ஈர்க்கு போதும். பழைய டியூபை ரப்பர்பேண்டு மாதிரி வெட்டி, ஈர்க்கை ஃபோர்க்கில் கட்டி, அதன் முனை ரிம்மின் பக்கவாட்டுக்கு ஒரு நூல் தள்ளி நிற்கும்படி வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். கோட்டம் இருக்கிற இடம் வரும்போது ரிம் ஈர்க்கைத் தொடும், முனை துடிக்கும். எவ்வளவு தூரம் துடிக்கிறது, எந்த ஸ்போக்கிலிருந்து எந்த ஸ்போக் வரை துடிக்கிறது என்று கண்ணாலேயே எண்ணிவிடலாம். ரிம் வலது பக்கம் தள்ளியிருந்தால் அந்த இடத்தில் இடது பக்க ஸ்போக்கை இறுக்கி வலது பக்க ஸ்போக்கைத் தளர்த்த வேண்டும். ஸ்போக்கின் ரிம் பக்க முனையில் இருக்கிற சின்ன நட்டுதான் நிப்பிள், அதை ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். டயர் பக்கமிருந்து பார்த்தால் கடிகார முள் ஓடும் திசையில் திருப்ப இறுகும். தலைகீழாக யோசித்துக் குழப்பிக்கொள்கிற இடம் இதுதான், மெல்லச் செய்யுங்கள்.

நம் ஊரில் இன்னொரு தொல்லை, உப்புக்காற்றில் நிப்பிள் துருப்பிடித்து ஸ்போக்கோடு ஒட்டிக்கொள்ளும். பலமாகத் திருகினால் ஸ்போக் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும். முதல் நாள் சாயங்காலமே ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டு, மறுநாள் வேலையைத் தொடங்குங்கள். பிரேக் கட்டை பிடிக்கும் ரிம்மில் எண்ணெய் பட்டால் துணியால் சுத்தமாகத் துடைத்தாகணும்.

சக்கரம் கோட்டமே இல்லாமல் ஓடுகிறது, ஆனால் முழுக்க ஒரு பக்கம் ஒட்டியே ஓடுகிறது. இது முன்சக்கரமாக இருந்தால் ஒரு எளிய சோதனை உண்டு. சக்கரத்தைக் கழற்றி இடம் வலமாக மாற்றிப் போடுங்கள். இடைவெளி குறைவு இப்போது மறுபக்கம் போய்விட்டால் தப்பு சக்கரத்தில். ஒரு பக்க ஸ்போக்குகள் அதிகமாக இறுகி ரிம்மை இழுத்துவைத்திருக்கின்றன. மாற்றிப் போட்டும் அதே பக்கமே ஒட்டுகிறது என்றால் ஃபோர்க் வளைந்திருக்கிறது. வளைந்த ஃபோர்க்கை வீட்டில் நெம்பி நிமிர்த்த வேண்டாம். ஓடும்போது முறிந்தால் முகம்தான் முதலில் தரையில் விழும்.

எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கேட்பார்கள். டயருக்கு இரண்டு பக்கமும் 5 மில்லிமீட்டர், மேலே 6 மில்லிமீட்டர், இதற்குக் குறையக்கூடாது என்று வைத்திருக்கிறேன். ஸ்கேல் உள்ளே போகாது. கியர் வண்டிக்காரர்களிடம் இருக்கும் ஆலன் கீயில் (ஆறு பட்டை உள்ள ஸ்பானர் கம்பி) 5, 6 என்று நம்பர் இருக்கும், அதுதான் மில்லிமீட்டரில் அதன் கனம். அதை டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் விட்டு, தடங்கலின்றி ஒரு சுற்று சுற்ற முடிந்தால் சரி. தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு இதைவிடக் குறைவாக விட்டும் ஓட்டுபவர்கள் உண்டு. இங்கே மணலும் மழைக்காலக் களியும் டயரில் ஒட்டிக்கொண்டு மேலேறும், அதற்கும் சேர்த்து இடம் விட வேண்டும்.

இந்த இடைவெளியைப் பார்க்காமல் அகல டயர் போட்டு வந்த ஒருவரைச் சொல்கிறேன். மதுரையிலிருந்து வந்த இளைஞர். அவர் வண்டிக்கு வாங்கும்போது இருந்தது 700×32 டயர், கடைசி நம்பர்தான் மில்லிமீட்டரில் அகலம். மணலில் ஓட்டப் போகிறேன் என்று சொன்னதும் ஏதோ ஒரு கடையில் 700×40 போட்டு அனுப்பியிருக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் அகலம் கூடினால் பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர் போய்விடும். உயரமும் ஏறக்குறைய அதே 8 மில்லிமீட்டர் கூடும் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. அவருக்குப் பின்னால் பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் இருந்தது 1 மில்லிமீட்டர் ஆகிவிட்டது. தார் ரோட்டில் பாம்பன் பாலம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. கச்சான் காற்று அடிக்கிற மாதம், தனுஷ்கோடி ரோட்டில் மணல் ஏறிக் கிடந்திருக்கிறது. டயரில் ஒட்டிய மணல் அந்த ஒரு மில்லிமீட்டரில் மாட்டி, போகவர ஃப்ரேமை அரைத்துக்கொண்டே வந்திருக்கிறது. திரும்பும் வழியில் என் கடையில் நிறுத்தியபோது பெயின்ட் போய் அலுமினியத்தில் கோடு விழுந்திருந்தது, நகத்தால் தடவினால் பள்ளம் தெரிந்தது.

நல்லவேளையாகப் பழைய டயர் இரண்டையும் கேரியரில் கட்டி வைத்திருந்தார். ஃபோர்க்கில் பார்த்தேன், 40 போட்டும் பக்கத்துக்கு 6 மில்லிமீட்டர் மிச்சம் இருந்தது. பெரும்பாலான வண்டியில் முன்னால் இடம் தாராளமாகவும் பின்னால் இறுக்கமாகவும்தான் இருக்கும். எனவே பின்னால் பழைய 32-ஐப் போட்டு, முன்னால் அகல டயரை அப்படியே விட்டு அனுப்பினேன். அகல டயர் வாங்குமுன் இப்போதுள்ள டயரின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். டயரில் எழுதியிருக்கும் நம்பரை மட்டும் நம்ப வேண்டாம். அதே டயர் அகல ரிம்மில் இன்னும் அகலமாக நிற்கும், புது டயர் காற்றோடு சில நாள் இருந்தால் கொஞ்சம் விரியவும் செய்யும். இடம் போதவில்லை என்று அலுமினிய ஃப்ரேமை அரத்தால் ராவுவதோ, இரும்புக் கம்பியைத் தட்டிப் பள்ளமாக்குவதோ கூடவே கூடாது.

மட்கார்டு விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. இந்தப் பக்கம் சீமைக்கருவேலம் இல்லாத பாதை கிடையாது. முள் குத்திப் பஞ்சர் ஆவது எல்லாருக்கும் தெரியும். அதைவிட ஆபத்து, விரல் கன முள்குச்சி ஒன்று டயரோடு ஏறி முன் மட்கார்டுக்குள் மாட்டுவது. அடுத்த கணம் மட்கார்டு சுருண்டு சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஓட்டுகிறவர் ஹேண்டில்பாரைத் தாண்டி விழுவார். மட்கார்டுக்கும் டயருக்கும் 10 மில்லிமீட்டராவது இருக்கட்டும். அதோடு, டயர் மட்கார்டுக்குள் நுழைகிற முனையில் இடைவெளி குறைவாகவும், வெளியேறுகிற முனையில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். முன்சக்கரத்தில் டயர் நுழைவது பின்பக்கக் கீழ்முனையில், வெளியேறுவது முன்முனையில். பெரிய குச்சி நுழையுமுன்னே தட்டுப்படும், நுழைந்தது எதுவானாலும் நெருக்கப்படாமல் வெளியே போய்விடும். மட்கார்டு கம்பியின் போல்ட்டைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்த்தினாலே இது அமைந்துவிடும். கம்பி துருப்பிடித்து ஆடுகிறதென்றால் மாற்றிவிடுங்கள், கயிறு கட்டி ஓட்டாதீர்கள்.

இனி ஒயர். ஒயருக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற கம்பி பிரேக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் வண்டியை நிமிர்த்தி வைத்து ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ஒயர் விறைத்து இழுக்கக் கூடாது, தொங்கி டயரைத் தொடவும் கூடாது.

பிரப்பன்வலசைப் பக்கமிருந்து பள்ளிக்கூடம் போகும் ஒரு பிள்ளை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தது. "மாமா, இந்தப் பக்கம் திரும்புனா மட்டும் தானா பிரேக் பிடிக்குது." இடது பக்கம் திருப்பச் சொன்னேன். முன்பிரேக் கட்டை ரிம்மைக் கவ்விக்கொண்டது. "கூடை எப்பத் தாயி மாட்டுனீங்க?" என்று கேட்டேன். போன வாரம் என்றது. பெரிய கூடையாக மாற்றியவர்கள் பிரேக் ஒயரைக் கூடைக் கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கூடைக்கு மேலே சுற்றிக்கொண்டு போனதில் ஒயரின் நீளமும் போதவில்லை. ஹேண்டில்பார் திரும்பும்போது அவுட்டர், அதாவது ஒயர் ஓடுகிற குழாய், விறைத்து, உள்ளே இருக்கிற ஒயரைத் தானே இழுத்தது. கூடையோடு போட்டிருந்த முடிச்சை அறுத்துவிட்டு, நாலு விரல் நீளம் கூடுதலாகப் புது அவுட்டர் வெட்டி, கூடைக்குப் பின்பக்கமாக விட்டேன். புத்தகப் பையைக் கூடையில் வைக்கச் சொல்லி மறுபடி திருப்பிப் பார்த்தோம். பாரம் வைத்தால் கூடை கீழே தணியும், அப்போது ஒயரை நசுக்குகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பின்பிரேக் ஒயரில் வருவது வேறு. அவுட்டர் தேவைக்கு மேல் நீளமாக இருந்தால், சீட்டுக்குப் பின்னால் வளைந்து இறங்கும் இடத்தில் பின்டயர் மேல் சாய்ந்து தேயும். மேலுறை தேய்ந்து உள்ளே இரும்புச் சுருள் தெரிந்தால் உப்புக்காற்று வேலையைத் தொடங்கிவிடும், மழைக்காலம் முடிவதற்குள் பிரேக் இறுகிப்போகும். நீளம் குறைந்தாலும் கெடுதல்: அவுட்டர் பிரேக்கை ஒரு பக்கம் தள்ளி, ஒரு கட்டை மட்டும் ரிம்மில் உரசிக்கொண்டே இருக்கும். பிரேக்கைத்தான் குறை சொல்வார்கள். அவுட்டரைக் கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், பிரேக் நடுவுக்கு வந்தால் காரணம் அவுட்டர்தான். வளைவு எங்கும் மடியாமல், வில் மாதிரி வந்து பிரேக்குக்குள் நேராக இறங்கும் நீளம்தான் சரியான நீளம்.

வெட்டும்போது நல்ல கட்டிங் பிளேயரால் வெட்டி, முனையை அரத்தால் தட்டையாக ராவி, துளை அடைந்திருந்தால் ஊசியால் திறந்துவிட்டுத் தொப்பி மாட்டுங்கள். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடவே போடாதீர்கள். பிரேக் அவுட்டரில் இரும்பு சுருளாகச் சுற்றியிருக்கும், கியர் அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் கிடக்கும். அழுத்திப் பிரேக் பிடித்தால் கியர் அவுட்டர் பிளந்துகொள்ளும், அந்த நேரத்தில் பிரேக்கே இருக்காது.

சில கியர் வண்டிகளில் டயருக்கு மேலே குறுக்காக ஒரு சின்ன ஒயர் இரண்டு பிரேக் கைகளையும் இணைக்கும், நடுவில் முக்கோணத் தொங்கலில் மெயின் ஒயர் வந்து பிடிக்கும். மெயின் ஒயர் அறுந்தால் அந்தக் குறுக்கு ஒயர் அப்படியே டயர் மேல் விழும். பட்டன் டயராக இருந்தால் ஒயர் அதில் சிக்கிச் சக்கரம் நின்றுவிடும். இந்த வகை வண்டியில் முன்னால் மட்கார்டோ, பிரதிபலிப்பான் மாட்டும் இரும்புப் பட்டையோ டயருக்கும் குறுக்கு ஒயருக்கும் நடுவில் கட்டாயம் இருக்க வேண்டும். அழகுக்கு என்று கழற்றிப் போட்டுவிடாதீர்கள், ஒயரைத் தாங்குவதற்குத்தான் அது அங்கே இருக்கிறது. மெயின் ஒயரின் முனையில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் நான் புது ஒயர் போட்டுத்தான் வண்டியை வெளியே விடுவேன்.

ஒயர் ஃப்ரேமைத் தொடும் இடத்தில் எல்லாம் பழைய டியூப் துண்டை ஒட்டுங்கள். பெயின்ட் தேய்ந்தால் கடலோரத்தில் துருவுக்கு அதிக நாள் வேண்டாம். ஒயரைக் கட்டவும் டியூப் பட்டையே மேல், பிளாஸ்டிக் டை வெயிலில் காய்ந்து ஒடிந்துவிடுகிறது.

எல்லாம் முடிந்ததும் வெறும் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள். தினமும் ஏற்றுகிற பாரத்தை ஏற்றுங்கள். ஐஸ் பெட்டியானாலும் புத்தகப் பையானாலும் சரி. ஒருவர் ஏறி உட்காரட்டும், இன்னொருவர் பின்னால் குனிந்து டயரின் இரண்டு பக்கமும் மட்கார்டின் உள்பக்கமும் பார்க்கட்டும். பிறகு ஒரு வேகத்தடை மேல் மெல்ல ஏறி இறங்கி, நின்று அழுத்தி நாலு மிதி மிதித்து, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி வரட்டும். அச்சு நட்டுகளை ஒரு நாள் ஓட்டிய பிறகு இன்னொரு தடவை இறுக்குங்கள்.